ரிசப்சனில் இருந்து ரிசர்வேஷனுக்குப் போகலாமா? கொழும்பு ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு நான்கு நட்சத்திர ஹோட்டலில் ரிசப்சனில் இருக்கிறேன். ஏ.எல். கொமர்ஸ் செய்தேன், பிறகு காலி வீதி ஹோட்டல் ஸ்கூலில் ஃப்ரன்ட் ஒஃபிஸ் கோர்ஸ். எங்கள் ரிசர்வேஷனில் இருக்கும் ஒரு அண்ணா துபாய்க்குப் போகிறார், அந்த இடத்துக்கு வரச்சொல்லி மனேஜர் என்னைக் கேட்கிறார். நைட் ஷிஃப்ட் இல்லை என்பதால் அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். உள்ளே ஒரு அறையில் இருந்து போன் எடுத்து ஈமெயிலுக்குப் பதில் போட்டே காலம் போய்விடும், கெஸ்ட் யாருக்கும் உன் முகம் தெரியாது, டிப்ஸ் இல்லை, புக்கிங் எல்லாம் இப்போது நெட்டில் தானே வருகிறது, கொஞ்ச வருடத்தில் அந்தப் பகுதியையே மூடிவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார், அதுதான் மனதைக் குழப்புகிறது.

இந்த வேலையில் இருந்து மேலே போனவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். என்ன படிக்க வேண்டும், எதுவரை போகலாம், தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது பிரயோசனம் உண்டா? சிங்களம் நன்றாகப் பேசுவேன், ஆங்கிலம் எழுத்தில் பரவாயில்லை.

அலைக்கரை:

போங்கள் தங்கச்சி. நான் கொழும்பில் ரிசர்வேஷன் மனேஜராக இருக்கிறேன், நானும் ரிசப்சனில் இருந்துதான் வந்தேன்.

உங்கள் ஆட்கள் சொல்வதில் பாதி சரி. போனை எடுத்து, திகதி கேட்டு, ரூம் இருக்கிறது என்று சொல்லி, கன்ஃபர்மேஷனை அனுப்பிவிட்டு அடுத்த போனுக்குப் போகிற ஆளாகவே இருந்தால் அந்த வேலை குறையத்தான் போகிறது. ஆனால் எந்த ரூமை எந்த நாளுக்கு யாருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்பது முடிவாகிற இடம் அந்த அறைதான். ரெஸ்டோரண்டில் இன்று விற்காத அரிசியை நாளைக்குச் சமைக்கலாம், இன்று இரவு காலியாகக் கிடந்த ரூமை நாளைக்கு விற்க முடியாது. அந்தப் பணம் போனது போனதுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதை மட்டும் விளங்கிக்கொண்டு போனாலே உங்கள் மனேஜர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். 100 ரூம் உள்ள ஹோட்டல். ஒருநாள் 90 ரூமை 80 டொலர்படி விற்கிறோம், 7,200 டொலர். இன்னொரு நாள் 70 ரூமை 110 டொலர்படி விற்கிறோம், 7,700 டொலர். ஹோட்டல் நிரம்பிய மாதிரித் தெரிந்தது முதல் நாள், பணம் கூட வந்தது இரண்டாம் நாள், அதோடு 20 ரூமுக்கான லோண்ட்ரி, மின்சாரம், காலைச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். இருக்கிற மொத்த ரூம் எண்ணிக்கையால் ரூம் வருமானத்தைப் பிரித்தால் வருவதுதான் ரெவ்பார், இங்கே 72க்கு 77. ரிசப்சனில் நிற்கும்போது நமக்கு எத்தனை ரூம் நிரம்பியது என்கிற ஆக்குபன்சி மட்டும்தான் கண்ணில் படும். ரிசர்வேஷனுக்கு வந்த பிறகுதான் சராசரி ரேட்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவோம்.

அடுத்தது, எந்த வழியால் வந்த புக்கிங் என்பது. இணையத் தளம் ஒன்றின் வழியாக 110 டொலருக்கு வந்த ரூமில் 18 சதவீதம் கொமிஷன் போனால் கையில் மிஞ்சுவது 90 டொலர் சொச்சம். அதே ஆள் நேராக ஹோட்டலுக்கு எடுத்துக் கதைத்து, நீங்கள் 100 டொலருக்குக் கொடுத்திருந்தால் அவருக்கும் லாபம், ஹோட்டலுக்கும் கிட்டத்தட்ட 10 டொலர் கூட. புக்கிங் எல்லாம் நெட்டில் வருகிறது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நெட்டில் வருவதால்தான் போனில் நன்றாகக் கதைக்கத் தெரிந்த ஆளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

காலிமுகம்:

அக்கா சொல்வதில் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. தங்கச்சி, போங்கள், ஆனால் அங்கேயே நிற்கப் போகாதீர்கள். நான் இரண்டு மூன்று ஹோட்டலுக்குச் சேர்த்து ரெவனியூ, அதாவது எந்த நாளுக்கு என்ன விலை என்பதை, பார்க்கிறேன். முன்பு ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தனி ரிசர்வேஷன் மனேஜர், ஐந்தாறு பேர் இருப்பார்கள். இப்போது குழுமங்கள் ஒரே அறையில் எல்லா ஹோட்டலுக்கும் சேர்த்து வைக்கின்றன. மனேஜர் நாற்காலி எண்ணிக்கை குறைந்துவிட்டது. கூடியது ரெவனியூ, எந்த வழியால் எத்தனை ரூம் விற்பது என்று பார்க்கிற டிஸ்ட்ரிபியூஷன், ஈகொமர்ஸ் நாற்காலிகள். அதனால் ரிசர்வேஷன் என்பது படிக்கிற இடம், போய்ச்சேருகிற இடம் இல்லை.

இந்த ரெவனியூ வேலை ஹோட்டலில் பிறந்ததே இல்லை. 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களுக்கு அரசு போட்டிருந்த கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டை வேறு வேறு விலைக்கு விற்கிற முறையை அமெரிக்கன் எயார்லைன்ஸ் வளர்த்தது, பிறகு மேரியட் அதை ஹோட்டலுக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கொழும்பில் பெரிய ஹோட்டல் எல்லாவற்றிலும் அதுதான் நடக்கிறது. 2017இல் ஷங்ரி-லா, 2024இல் ஐடிசி ரத்னதீப என்று ரூம்கள் கூடக்கூட விலைப்போட்டி கூடுகிறது, விலையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஆள் எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

அதனால் எக்செல் படியுங்கள். எண்களைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள், வேண்டியதைத் தேடி எடுக்கும் விலுக்கப் இரண்டும் கையில் வரவேண்டும். பிக்கப் ரிப்போட் என்று ஒன்று எடுப்பார்கள், போன வாரம் இதே நாளில் டிசம்பருக்கு எத்தனை ரூம் இருந்தது, இன்றைக்கு எத்தனை, இடையில் எந்தப் பக்கத்தால் கூடியது என்று காட்டும். அதை அனுப்பிவிட்டுப் போகிறவர் கிளார்க். அதைப் பார்த்து, ஏன் 14ஆம் திகதி மட்டும் ஏறவில்லை என்று கேட்கிறவர் ஒருநாள் ரெவனியூ மனேஜர் ஆவார்.

தெஹிவளை டூர்ஸ்:

நான் ஹோட்டல் பக்கம் இல்லை, வெளிநாட்டு ஆட்களை இங்கே கூட்டிவந்து காட்டுகிற ஏஜென்சியில் ஒப்பரேஷன்ஸ். நாளுக்கு நாள் ரிசர்வேஷன் ஆட்களோடுதான் எங்கள் பாடு. காலிமுகம் தம்பி சொல்கிற கணக்கெல்லாம் சரி, ஆனால் எங்களுக்கு ஹோட்டல் என்றால் அந்த ஈமெயிலுக்குப் பதில் போடுகிற பிள்ளைதான். காலையில் ஜெர்மனிக்காரன் ஒரு குரூப்புக்கு விலை கேட்கிறான், மூன்று ஹோட்டலுக்கு எழுதுகிறோம், முதலில் முழுமையாகப் பதில் தருகிற ஹோட்டலைப் போட்டு அனுப்பிவிடுவோம். மற்ற இரண்டு ஹோட்டலும் நல்லதாக இருக்கலாம், மலிவாகக்கூட இருக்கலாம், அடுத்த நாள் வந்த பதிலை வைத்து என்ன செய்வது?

முழுமையாக என்று சொன்னேன். ஒரு பெரிய கட்டிலா (டபுள்) இரண்டு கட்டிலா (ட்வின்), காலைச் சாப்பாடு மட்டுமா (பிபி) இரவுச் சாப்பாடும் சேர்த்தா (ஹாஃப் போர்ட்), விலை வரி இல்லாமலா வரியோடா, டிரைவருக்கு இடம் உண்டா, கைடுக்கு என்ன ரேட், எந்தத் திகதிக்குள் உறுதிப்படுத்த வேண்டும். இவ்வளவும் ஒரே கடிதத்தில் இருந்தால் நாங்கள் திரும்ப எழுதத் தேவையில்லை. வரிக்கணக்கு முக்கியம், தங்கச்சி. 100 டொலர் என்று சொன்ன ரூம் 10 சதவீத சேர்விஸ் சார்ஜோடு 110, அதன்மேல் 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீத வற் சேர்ந்தால் 129 டொலர் 80 சதம், மற்றச் சின்ன வரிகள் வேறு. இதைத் தெளிவாகச் சொல்லாத புக்கிங்கின் சண்டை கடைசியில் ரிசப்சனில் தான் வந்து விழும், அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அலோட்மெண்ட் பற்றியும் படியுங்கள். ஹோட்டல் எங்களுக்கென்று சீசனில் தினம் இத்தனை ரூம் என்று ஒதுக்கி வைக்கும், வருகைக்கு 14 நாளோ 21 நாளோ முன்பு நாங்கள் பாவிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ரிலீஸ் திகதியைப் பிடித்துக் கேட்கிற ரிசர்வேஷன் பிள்ளைக்கு நாங்கள் பயம், ஆனால் மரியாதையும் அவர்களுக்குத்தான்.

மலைக்காற்று:

நுவரெலியாப் பக்கம் சின்ன ஹோட்டல், 20 ரூம்கூட இல்லை, ரிசர்வேஷன் முழுக்க நான்தான். கொழும்பில் பெரிய இடத்தில் படிக்கிற வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இங்கே சனல் மனேஜர் என்று ஒரு சிஸ்டம் இருக்கிறது, ஒரு தளத்தில் ரூம் விற்றதும் மற்றத் தளங்களில் தானாகக் குறைத்துவிடும், அதை இணைத்தது, விலை போடுவது, படம் ஏற்றுவது, ரிவியூவுக்குப் பதில் எழுதுவது எல்லாம் நானே யூடியூப் பார்த்துப் படித்தேன். ஏப்ரலில் புத்தாண்டு சீசனுக்கு இங்கே தலை தூக்க நேரம் இல்லை, ஜூன் ஜூலை மழையில் ஆளே இல்லை. எந்த மாதத்தில் எந்த விலை என்று சொல்லித்தர ஒரு ஆள் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டோஹாவில் இருந்து:

கட்டாரில் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ரிசர்வேஷன் சூப்பர்வைசர். மட்டக்களப்பு. கொழும்பில் தொடங்கித்தான் இங்கே வந்தேன். இன்டர்வியூவில் முதல் கேள்வி எப்போதும் சிஸ்டம் தான். ஒரக்கிள் கம்பனியின் ஒபரா என்கிற ஹோட்டல் மென்பொருள் தெரியுமா, எந்த வேர்ஷன், குரூப்புக்கு ரூம்களைச் சேர்த்து ஒதுக்கும் ப்ளொக் போடத் தெரியுமா, ஒவ்வொரு விலை வகைக்குமான ரேட் கோட் கட்டத் தெரியுமா. ஒரக்கிள் இப்போது எல்லா ஹோட்டலையும் கிளவுட் பக்கம் கொண்டுபோகிறது, உங்கள் ஹோட்டலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐடிஎஸ் என்கிற வேறு ஹோட்டல் மென்பொருள் என்றாலும் பரவாயில்லை, அடிப்படை ஒன்றுதான்.

சான்றிதழ் கேட்டால், எச்எஸ்எம்ஏஐ என்கிற ஹோட்டல் விற்பனைத் துறைச் சங்கம் நடத்துகிற சிஆர்எம்ஈ என்று ரெவனியூவுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, கோர்னெல் பல்கலைக்கழகம் ஒன்லைனில் கோர்ஸ் தருகிறது, அது விலை கூட. முதல் வருடத்தில் இரண்டும் தேவையில்லை.

ஓவர்புக்கிங், அதாவது சிலர் வரமாட்டார்கள் என்று இருக்கிற ரூமைவிடக் கொஞ்சம் கூட விற்பது, பயப்படாமல் போடப் பழகுங்கள். எங்களிடம் தினமும் சிஸ்டம் சொல்லும், நாங்கள் போடுவோம். 100 ரூமுக்கு 100 மட்டும் விற்கிறவர்களிடம் இரவு பன்னிரண்டு மணிக்கு நாலைந்து ரூம் வெறுமனே கிடக்கும்.

தெஹிவளை டூர்ஸ்:

தம்பி, அந்தக் கணக்கில் எங்கள் ஆட்கள் நடுத்தெருவில் நின்றிருக்கிறார்கள். ஒரு பிரெஞ்சுக் குடும்பம், சின்னப் பிள்ளைகள் இரண்டு, கட்டுநாயக்காவில் இறங்கி இரவு பதினொரு மணிக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குப் போகிறார்கள், கன்ஃபர்மேஷன் கையில் இருக்கிறது, ரூம் இல்லை. வேறு ஹோட்டலுக்கு வாகனம் பிடித்து அனுப்பினார்கள், இரவுக்கான காசையும் அவர்களே கொடுத்தார்கள், எல்லாம் முறைப்படிதான். ஆனால் அந்தத் தாய் அழுதுகொண்டு எனக்கு எடுத்த போன் எனக்கு மறக்காது. அந்த ஹோட்டலுக்கு நாங்கள் அந்த சீசன் முழுக்க ஒரு ரூமும் கொடுக்கவில்லை. ஒரு இரவு ரூமுக்காக அவர்கள் இழந்தது எவ்வளவு என்று யாராவது எக்செலில் போட்டார்களா?

அலைக்கரை:

இரண்டு பேரும் சொல்வது நடக்கிறதுதான். நான் ஓவர்புக் போடுகிறேன், ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து இல்லை, அன்றைக்கு வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து. இலவசமாகக் கேன்சல் செய்யலாம் என்று எடுத்த இணையப் புக்கிங், ஒரு இரவு, கார்ட் விவரம் வேலை செய்யவில்லை, இப்படிப் பத்து இருந்தால் அதில் இரண்டு மூன்று வராது. கம்பனி புக்கிங் கடைசி நேரத்தில் மாறும். ஏஜென்சி குரூப், முன்பணம் கட்டியவர்கள், கல்யாண வீட்டுக்காரர், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், இவர்கள் வருவார்கள். முதல் வகை நிறைய இருக்கிற நாளில் கொஞ்சம் கூட விற்கலாம், இரண்டாம் வகை இருக்கிற நாளில் ஒன்றுகூட விற்கக்கூடாது. சிஸ்டம் சொன்னது என்று போட்டுவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் இரவில் அந்தத் தாயின் முன்னால் நிற்பது ரிசப்சன் பிள்ளைதான். தங்கச்சி அங்கே நின்ற ஆள், அந்த நிலை எப்படியிருக்கும் என்று தெரிந்து ரிசர்வேஷனுக்கு வருகிறவர், அதுவே பெரிய பலம்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. நிறையப் பிரயோசனம். இலங்கைக்கு வருகிறவர்களில் முதலிடம் இந்தியா, அதில் சென்னை, கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் இருந்து ஏஜென்சிகள், கல்யாணக் குரூப்புகள், கம்பனிக் குரூப்புகள் வருகின்றன. சென்னை ஏஜெண்ட் ஆங்கிலத்தில்தான் எழுதுவார், ஆனால் விலை படியாத இடத்தில் போனை எடுத்து, "சார், உங்களுக்கு எத்தனை ரூம் நிச்சயமாக வேணும், அதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பிறகு பார்த்துத் தாறேன்" என்று தமிழில் கேட்டால் அவர் மனதில் உள்ள உண்மையான எண்ணிக்கை வெளியே வரும். 60 ரூம் கேட்பவருக்குத் தேவை 42 என்று அப்படித்தான் தெரியும். அந்த 18 ரூமைப் பூட்டிவைக்காமல் வேறு ஆளுக்கு விற்கலாம்.

கல்யாணக் குரூப் எடுத்தால் அந்த ஒரு வேலையிலேயே ரிசர்வேஷன் முழுவதையும் படித்துவிடலாம். ப்ளொக் போடுவது, முன்பணத் திகதி, இத்தனையாம் திகதிக்குள் பெயர்ப் பட்டியல் வராவிட்டால் ரூம் திரும்பப் போகும் என்று எழுத்தில் வாங்குவது. காலை விமானத்தில் வந்து இறங்கிவிடுவார்கள், செக்இன் பிற்பகல் இரண்டு மணி, பாட்டிமார் லொபியில் இருக்க முடியாது, அதனால் முந்தைய இரவே நாலு ரூமை எடுக்கச்சொல்லி முன்கூட்டியே விற்றுவிட வேண்டும். மாப்பிள்ளை வீடு ஒரு மாடி, பெண் வீடு ஒரு மாடி, யார் பக்கத்தில் யார் என்று அவர்கள் சொல்லும்போது பொறுமையாகக் கேட்க வேண்டும். இதை எந்தத் தளமும் செய்யாது.

பஞ்சாங்கம் என் மேசையில் எப்போதும் இருக்கும். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்களில் ஹோலும் ரூமும் சேர்த்துக் கேட்பார்கள், அந்தத் திகதிகளை ஒரு வருடம் முன்பே தெரிந்துவைத்திருந்தால் விலையைச் சும்மா இறக்கத் தேவையில்லை. அதேபோல் பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் கொழும்பு ஆட்கள் வெளியே போய்விடுவார்கள், நகர ஹோட்டல் காயும், கரையோரம் நிரம்பும், போயாவில் மதுபானம் விற்க முடியாது என்பதால் பார் வருமானமும் இல்லை. நல்லூர்க் கொடியேற்றத்தில் இருந்து 25 நாள் யாழ்ப்பாணம் நிரம்பும், வெளிநாட்டில் இருந்து வரும் நம் ஆட்கள் போகும்போதோ வரும்போதோ கொழும்பில் ஒன்றிரண்டு இரவு தங்குவார்கள். இந்தக் கலெண்டர் எந்த வெளிநாட்டு சிஸ்டத்திலும் தானாக வராது, நாம்தான் உள்ளே போட வேண்டும்.

காலிமுகம்:

இதில் அக்காவோடு நூறு வீதம் நிற்கிறேன். 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணம் பிரேமதாச மைதானத்தில், இந்தியா பாகிஸ்தான் போட்டி 10ஆம் திகதி மழையில் நின்று 11ஆம் திகதிக்குப் போனது. அன்றிரவே இன்னொரு இரவு வேண்டும் என்று வரத் தொடங்கினார்கள். ரிசேர்வ் நாள் இருக்கிறது என்று முதலே பார்த்துவைத்தவர்கள் விலையைத் தயாராக வைத்திருந்தார்கள். செய்தி படிக்கிறதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு, 2020இல், பிறகு 2022இல் பெட்ரோல் வரிசை நாட்களில், புக்கிங் எடுக்கிற வேலையே இல்லை, கேன்சல் அடிக்கிறதும் காசு திருப்பிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுகிறதும்தான். வேலை செய்கிறவர்களுக்குப் பிரித்துத் தருகிற சேர்விஸ் சார்ஜ் ஒன்றுமில்லாமல் போனது, நிறையப் பேர் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். 2018இல் 23 லட்சத்துக்கு மேல் வந்த பயணிகள், 2024இல் தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இந்தத் தொழிலில் நல்ல மாதங்களில் கையில் கொஞ்சம் சேர்த்துவைக்க வேண்டும், இதை வீட்டிலும் சொல்லி வையுங்கள். இன்னொரு பக்கம், அப்படிப் போனவர்களின் இடங்கள் இன்னும் முழுக்க நிரம்பவில்லை, உங்களைக் கூப்பிட்டதும் அதனால்தான். முன்பெல்லாம் சூப்பர்வைசர் ஆவதற்குக் காத்திருந்த அளவு இப்போது காத்திருக்கத் தேவையில்லை.

மலைக்காற்று:

கொழும்பில் இருந்துகொண்டே மலைநாட்டு, கிழக்கு ஹோட்டல்களுக்கு வேலை செய்யலாம்தானே? பெரிய குழுமங்களின் ரிசோட்டுகளுக்குக் கொழும்பில் தலைமை அலுவலகத்தில்தான் ரிசர்வேஷன் என்று கேள்விப்பட்டேன்.

அலைக்கரை:

ஆம், ஜெட்விங், எயிட்கன் ஸ்பென்ஸ், சினமன் எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகம் கொழும்பில்தான். அங்கே இருப்பவர்களுக்கு ஒரு நல்லது, வருடம் முழுக்க ஏதாவது ஒரு கரையில் சீசன் இருக்கும். தெற்கும் மேற்கும் மார்கழியில் இருந்து சித்திரை வரை, பாசிக்குடா, திருகோணமலை, அறுகம்பை வைகாசியில் இருந்து புரட்டாதி வரை. தம்பி நீங்கள் தனியாகச் செய்த வேலைக்கு அங்கே நல்ல மதிப்பு இருக்கும், விண்ணப்பம் போடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மனேஜரிடம் சரி என்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்பு இரண்டு கேள்வி. கடிதத்தில் என்ன பதவி என்று கேட்டு வாங்க வேண்டும்? முதல் மாதம் எதில் கவனம் வைக்கவேண்டும்?

டோஹாவில் இருந்து:

ரிசர்வேஷன் என்ற சொல் பதவியில் இருக்க வேண்டும் தங்கச்சி. ஃப்ரன்ட் ஒஃபிஸ் அசிஸ்டண்ட் என்று பழைய பதவியிலேயே வைத்து வேலையை மட்டும் மாற்றினால் பிறகு வெளிநாட்டுக்குப் போடும்போது அனுபவமாகக் காட்ட முடியாது. ஓவர்புக்கிங் பற்றி அக்கா சொன்ன பெயர்ப்பட்டியல் முறையை நான் இங்கே எங்கள் ஆட்களுக்குச் சொல்லப் போகிறேன், அது சரியான பேச்சு.

அலைக்கரை:

சேர்விஸ் சார்ஜ் எப்படிப் பிரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சில இடங்களில் எல்லோருக்கும் சமம், சில இடங்களில் பதவிக்கு ஏற்ற புள்ளிக் கணக்கு. பகுதி மாறும்போது புள்ளி குறையக்கூடாது, அதை எழுத்தில் வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், மாதக் கடைசியில் கைக்கு வருவதில் பெரிய பங்கு அதுதான்.

முதல் மாதம் ஒரு கொப்பி வையுங்கள். ரூம் கேட்டு வந்து எடுக்காமல் போன ஒவ்வொருவரையும் அதில் எழுதுங்கள். எந்தத் திகதிக்குக் கேட்டார், என்ன விலை சொன்னோம், ஏன் போனார், விலையா, ரூம் இல்லையா, நாம் பதில் போடப் பிந்தியதா. விற்ற ரூம் எல்லாம் சிஸ்டத்தில் இருக்கும், விற்காமல் போனது யாரிடமும் இருக்காது. மாதம் முடிய அதை எக்செலில் ஏற்றி, மனேஜரின் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் அவருக்கு அனுப்புங்கள். அப்புறம் இங்கே வந்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.